மர்பி டவுன் நனிசைவ உணவுப் பெட்டி: சாப்பாட்டுக்கு வாங்கலாம், ‘சைக்கிள் சப்போர்ட்’டுக்கு வேண்டாம்

பெங்களூரில் அல்சூரை அடுத்த மர்பி டவுனில், கோலார் தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதி, தங்கள் வீட்டின் கீழ்த்தளத்தைச் சமையலறையாக்கி, ஜிம்முக்குச் செல்பவர்களுக்கென்று நனிசைவ உணவுப் பெட்டிகளை மாதச் சந்தாவில் அனுப்பி வருகிறார்கள். இறைச்சி, முட்டை மட்டுமல்லாமல் பால், தயிர், நெய், தேன் ஆகியவையும் இச்சமையலறைக்குள் நுழைவதில்லை. இவர்களிடம் இரண்டு திட்டங்கள் உள்ளன. ஒன்று, எடைப் பயிற்சி செய்யும் எல்லோருக்குமான மதிய உணவு. மற்றொன்று, ‘சைக்கிள் சப்போர்ட்’ என்ற பெயரில், ஸ்டீராய்டு (ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் அதை ஒத்த மருந்துகளும்) எடுத்துக்கொண்டு உடலை வளர்ப்பவர்களுக்கென்றே தனியாக அமைத்தது. அந்த மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து எடுக்கும் சுற்றைத்தான் ஜிம்களில் ‘சைக்கிள்’ என்கிறார்கள். நான் முதல் திட்டத்தையும், ஸ்டீராய்டு எடுக்கும் என் சித்தப்பா மகன் இரண்டாம் திட்டத்தையும் சென்ற மழைக்காலம் தொட்டு வாங்கி வருகிறோம். எனவே ஒரே அடுப்பில் வெந்த இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நாணயமாகத் தொழில் செய்யும் சிறிய குடும்பம் என்பதாலும், நான் குறை சொல்லப்போகும் பகுதியைத் திருத்திக்கொள்ள அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்பதாலும் பெயரை எழுதவில்லை. மர்பி டவுன் பக்கம் பயிற்சி செய்பவர்களுக்கு இந்த விவரமே போதும்.

முதலில் சாப்பாடு. உடல் வளர்ப்பவர்களுக்கான நனிசைவ உணவு என்றாலே வெறும் டோஃபுவும் வேகவைத்த ப்ரோக்கோலியும்தான் என்ற எண்ணத்தை இவர்கள் முற்றிலும் மாற்றிவிடுகிறார்கள். வாரத்தில் இருமுறை மிளகு தூக்கலாகப் போட்ட மீல் மேக்கர் சுக்கா வருகிறது. மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, இருமுறை பிழிந்து, அதன் பச்சை வாடை போன பிறகே மசாலாவில் புரட்டுகிறார்கள். இந்தப் பொறுமை பெரும்பாலான உணவகங்களுக்கு இல்லை. கொள்ளு ரசமும் ராகிக் களியும் வரும் நாளில் பெட்டியைத் திறந்தவுடனே பூண்டு மணம் அறையை நிறைக்கிறது. மார்கழி, தை மாதங்களில், நகரமெங்கும் அவரைப் பருப்பு குவிந்து கிடக்கும் பருவத்தில், தோல் உரித்த பருப்பைக் கொண்டு ஒரு குழம்பு வைத்தார்கள். கன்னடர் வீட்டுப் பக்குவமும் தங்கவயல் காரமும் கூடிய அந்தக் குழம்பை அசைவ உணவுக்காரர்களான என் அலுவலக நண்பர்களும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சோயாவை நொதிக்கவைத்துச் செய்யும் டெம்பேயை இட்லி மிளகாய்ப் பொடியில் புரட்டிக் கல்லில் வாட்டித் தருவது இவர்களுடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்றே நினைக்கிறேன். வேறெங்கும் நான் கண்டதில்லை.

சுவை நன்றாக இருந்தாலும், இத்தகைய உணவுக்குக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். பெட்டியின் மூடியில் ஒட்டியுள்ள சீட்டில் அன்றைய சமையலுக்கு எடுத்த பொருள்களின் பச்சை எடையை எழுதுகிறார்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். ஒரு நாள் சீட்டில் மீல் மேக்கர் 40 கிராம், பாசிப்பயறு 40 கிராம், டோஃபு 100 கிராம், ராகி மாவு 70 கிராம் என்று இருந்தது. உலர்ந்த மீல் மேக்கரில் 100 கிராமுக்குச் சுமார் 52 கிராம் புரதம் உண்டு. அதன்படி அதிலிருந்து 21 கிராம், பயற்றிலிருந்து ஏறக்குறைய 10, டோஃபுவிலிருந்து 12, ராகியிலிருந்து 5 கிராம் கிடைக்கிறது. அவர்கள் சொல்லும் 45 கிராம் புரதம் மிகையில்லை. 2024-இல் கேரளத்து மருத்துவர்கள் முன்னின்று, இந்தியாவில் விற்கும் 36 புரதத் தூள்களைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 70 விழுக்காட்டுத் தூள்களின் புரத அளவு டப்பாவில் அச்சிட்டிருந்ததோடு பொருந்தவில்லை. அப்படிப்பட்ட சந்தையில், என்ன போட்டோம் என்று கையால் எழுதித் தரும் ஒரு சமையலறைக்கு என் மனத்தில் தனி மதிப்பு உண்டு.

மாமிசமோ பாலோ இல்லாமல் தசை வளருமா என்ற ஐயத்தோடு இதைப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2021-இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 19 நனிசைவ இளைஞர்களையும் எல்லாம் உண்ணும் 19 இளைஞர்களையும் 12 வாரங்கள் எடைப் பயிற்சி செய்யவைத்து ஒப்பிட்டார்கள். இரு தரப்புக்கும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் என்ற கணக்கில் நாள்தோறும் புரதம் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். காலின் தசை வளர்ச்சியிலும் வலிமையிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு காணப்படவில்லை. எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது நாளொன்றுக்கு 112 கிராம். மதியப் பெட்டி அதில் ஐந்தில் இரண்டு பங்கைத் தந்துவிடுகிறது. எஞ்சியதைக் காலையும் இரவும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பி12 உயிர்ச்சத்தை எந்தப் பெட்டியும் தராது; அதற்கு மாத்திரையோ செறிவூட்டிய உணவோ கட்டாயம் வேண்டும். இதைச் சந்தா தொடங்கும் நாளிலேயே சமையலறையை நடத்தும் அந்த அக்கா எனக்கு எடுத்துச் சொன்னார். தசைக்கு உடனடி ஆற்றல் தர உதவும் கிரியேட்டின் மாமிசத்தில்தான் இயற்கையாக இருக்கிறது என்பதால் நனிசைவர்களின் தசையில் அதன் இருப்பு சற்றுக் குறைவு. கடைகளில் விற்கும் கிரியேட்டின் தூளோ விலங்கு சேராமல் வேதிமுறையில் செய்யப்படுவது. அதைத் தயக்கமின்றி வாங்கலாம்.

கூடுதல் கட்டணத்துக்கு அவர்கள் தரும் பட்டாணி–அரிசிப் புரதத் தூளைப் பற்றியும் கேட்டேன். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், பட்டாணியில் குறையும் மெத்தியோனினை அரிசியும், அரிசியில் குறையும் லைசினைப் பட்டாணியும் ஈடுசெய்வதால் இந்தக் கூட்டு பொருத்தமானது. நம் இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்வதும் இதே கணக்குத்தான். உறையில் பச்சைப் புள்ளியோடு, 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வீகன் முத்திரையும் இருந்தது. பச்சைப் புள்ளி மட்டும் இருந்தால் பால் புரதமும் உள்ளே இருக்கலாம் என்பதால் நனிசைவர்கள் அந்த முத்திரையைத் தேடிப் பார்ப்பது நல்லது. செடிகள் மண்ணிலிருந்து காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சக்கூடியவை. ஆகவே தாவரத் தூளுக்கு உலோகச் சோதனைச் சான்று அவசியம். அதைக் கேட்டபோது மொத்த வியாபாரியிடமிருந்து வாங்கி அனுப்பினார்கள்.

குறைகள் சில உண்டு. புதன்கிழமைப் பெட்டியில் டோஃபு உப்பில்லாமல் வருகிறது. நார்ச்சத்து மிகுதியால், பழகாதவர்களுக்கு முதல் வாரங்களில் வயிறு உப்பும். ஒரு பெட்டி 220 ரூபாய் என்பது இந்தப் பகுதியின் சாதாரண மெஸ் சாப்பாட்டைவிட மிக அதிகம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இவற்றில் எதுவும் சந்தாவை நிறுத்தும் அளவுக்குப் பெரிதல்ல.

இனி இரண்டாம் திட்டத்துக்கு வருகிறேன். ‘சைக்கிள் சப்போர்ட்’ பெட்டியின் விலை 340 ரூபாய். அதே மதிய உணவோடு ஓட்ஸ் கஞ்சி, ஊறவைத்த பாதாம், ‘இரத்தம் ஊறும் சூப்’ என்ற பெயரில் பீட்ரூட்டும் முருங்கைக் கீரையும் பேரீச்சையும் சேர்ந்த ஒரு சாறு, ‘கல்லீரல் காக்கும்’ மூலிகைத் தேநீர் ஆகியவை வருகின்றன. கூடவே ஒரு மடிப்புத் தாளும் உண்டு. ஸ்டீராய்டின் பக்கவிளைவுகள் பெரும்பாலும் மாமிச உணவால் வருபவை என்றும், தூய தாவர உணவு உண்பவருக்கு ‘சைக்கிள்’ பாதுகாப்பானது என்றும் அந்தத் தாள் சொல்கிறது. சமையலறைச் சுவரில் ‘முன்பு, பின்பு’ படங்களும் தொங்குகின்றன. அந்தப் படங்களில் உள்ளவர்கள் எல்லோரும் இரண்டாம் திட்டத்து வாடிக்கையாளர்கள்.

அந்தப் படங்களை இச்சாப்பாட்டின் சான்றாகக் கொள்ள முடியாது. 1996-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வில், 43 ஆண்களை நான்கு குழுக்களாகப் பிரித்துப் பத்து வாரங்கள் கண்காணித்தார்கள். எல்லோருக்கும் புரத அளவு ஒரே கணக்கில் வகுக்கப்பட்டது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய உடல் எடை சராசரியாக 1.9 கிலோ கூடியது. மிகையளவு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு, பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்கு 3.2 கிலோ கூடியது. ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ. ஒரே அளவு உணவு உண்டவர்களுக்கிடையே இவ்வளவு வேறுபாட்டை ஊசி உண்டாக்கும் என்றால், ஊசி போட்டவரின் தோளையும் மார்பையும் காட்டி இது எங்கள் மீல் மேக்கரின் பலன் என்று சொல்வது வாங்குபவரைத் தவறான பாதையில் செலுத்தும். அதைப் பார்த்துவிட்டு முதல் திட்டத்தை வாங்கும் பதினெட்டு வயதுப் பையன், சில மாதங்களில் அப்படி ஆகாதபோது, தன் உணவிலோ உழைப்பிலோ குறை இருப்பதாக நினைப்பான். அடுத்து ஊசியைத்தான் தேடுவான். இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. நல்ல உணவு சமைப்பவர்களுக்கு அந்தப் படங்களின் துணை தேவையே இல்லை.

மடிப்புத் தாளில் இன்னொரு வாதமும் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் தாவரங்களிலிருந்து தயாரிக்கப்படுவதால் அது நனிசைவ நெறிக்கு உகந்தது, இயற்கையானது என்கிறார்கள். முதல் பாதி உண்மைதான். 1935-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் காளையின் விதைகளிலிருந்து இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் புட்டெனாண்ட், ருசிச்கா ஆகிய இருவரும் கொழுப்புப் பொருளான கொலஸ்டிராலிலிருந்து அதை ஆக்கிக் காட்டினார்கள். 1940-களில் ரசல் மார்க்கர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கையும், பெர்சி ஜூலியன் சோயா எண்ணெயையும் மூலப்பொருளாக்கி ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் செய்யும் வழியைக் கண்டார்கள். இன்றும் செடிகளிலுள்ள ஸ்டெரால் எனும் கொழுப்புப் பொருள்களே முக்கிய மூலப்பொருள். ஆனால் சோயாவிலிருந்து வந்தாலும் காளையிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றே. அது இரத்தத்துக்குள் வெளியிலிருந்து மிகுதியாக வந்து சேர்ந்தவுடன், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் சமிக்ஞைகளைக் குறைத்துக்கொள்கிறது, விதைகள் சுருங்குகின்றன, விந்தணு உற்பத்தி சரிகிறது. மூலம் செடியா விலங்கா என்பதை உடல் கேட்பதில்லை.

சோயாவுக்கு ஏற்பட்ட பழியையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது இந்தச் சமையலறைக்கே இழைக்கப்பட்ட அநீதி. சில மாதங்களுக்கு முன்பு, சித்தப்பா மகனான என் தம்பிக்கு மார்புக் காம்பின் பின்னே கட்டியும் வலியும் வந்தன. அவனுடைய ஜிம் மாஸ்டர் உடனே, மீல் மேக்கரில் பெண் ஹார்மோன் இருக்கிறது, அதை நிறுத்து என்று சொல்லிவிட்டார். ஊசியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உண்மையில் உடலில் மிகும் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஸ்டீராய்டு எடுக்கும் ஆண்களுக்கு மார்பு வளர்வதன் முதன்மைக் காரணம் இதுவே. சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் ஈஸ்ட்ரோஜனை ஓரளவு ஒத்த அமைப்புடையவை என்றாலும், வழக்கமான அளவில் உண்ணும் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் குறைவதில்லை என்பதை 2010-இல் வெளிவந்த தொகுப்பாய்வு காட்டியது. நாற்பது கிராம் மீல் மேக்கர் சாப்பிடும் எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அதே அளவு சாப்பிடும் அவனுக்கு வந்தது. எங்கள் இருவர் பெட்டியிலும் சோயா ஒன்றுதான். சமையலறைக்காரர்களோ, தங்கள் மடிப்புத் தாளில் ஊசியைக் குறை சொல்ல முடியாத நிலையில் இருப்பதால், தங்கள் சோயாவைக் காத்துப் பேசவும் முடியாமல் போனார்கள். அவன் பெட்டியிலிருந்து மீல் மேக்கரை எடுத்துவிட்டுக் காளான் வைத்தார்கள். புரதம் பாதியானது, ஊசி தொடர்ந்தது.

இரண்டாம் திட்டத்தின் மருத்துவ வாதத்துக்கு வருவோம். ஓட்ஸும் பாதாமும் சோயாவும் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை ஓரளவு குறைக்கக்கூடியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஸ்டீராய்டு, குறிப்பாக வாய்வழி மாத்திரை, தாக்கும் முதல் இடங்களில் ஒன்று நல்ல கொழுப்பான எச்டிஎல். 1989-இல் எடை தூக்கும் ஆண்களிடம் நடத்திய ஆய்வில் ஸ்டானசோலால் மாத்திரை எச்டிஎல்லை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அந்த வீழ்ச்சியைக் கஞ்சியால் நிரப்ப முடியாது. என் தம்பி திட்டத்தை ஒரு நாளும் தவறவிடாமல் உண்டான். அவனுடைய இரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் ஒழுங்காக இருந்தது, எச்டிஎல் இருபதுக்கும் கீழே இருந்தது. ஆணுக்கு அது நாற்பதுக்கு மேல் இருக்க வேண்டும்.

‘இரத்தம் ஊறும் சூப்’ பற்றி இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டியுள்ளது. சோகை உள்ள பெண்ணுக்கு அது நல்ல சாறு. டெஸ்டோஸ்டிரோனோ சிவப்பணு உற்பத்தியைத் தானே தூண்டுகிறது. மருத்துவர் கண்காணிப்பில் அந்த ஹார்மோனைக் கொடுக்கும்போதுகூட, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹெமட்டோக்ரிட் 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும் என்பது வழிகாட்டுதல். இரத்தம் கெட்டிப்பட்டால் உறைவுக் கட்டி உண்டாகும் அபாயம் கூடும். ஒரு குவளைச் சாறு அந்த அளவை எகிறச் செய்துவிடாது. ஆனால் இரத்தம் ஏற்கெனவே அளவுக்கு மீறி ஊறிக்கொண்டிருப்பவரிடம் இன்னும் ஊற வேண்டும் என்று சொல்லி விற்பது நோக்கத்திலேயே தவறானது.

கல்லீரல் தேநீருக்கும் இதே நிலைதான். வாய்வழி ஸ்டீராய்டுகள் பலவற்றின் வேதியமைப்பு, கல்லீரல் எளிதில் சிதைத்துவிடாதபடி மாற்றப்பட்டது. கல்லீரலுக்கு அவை சுமையாவது அதனால்தான். தேநீர் அந்த அமைப்பை மாற்றுவதில்லை. இதயத் தசை தடிப்பது, இரத்த அழுத்தம் உயர்வது ஆகியவற்றைப் பற்றி மடிப்புத் தாளில் ஒரு வரியும் இல்லை. உடல் வளர்ப்பவர்களுக்கு மிகவும் தேவையான ஒரு தகவலும் அதில் விடுபட்டிருக்கிறது: கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஆகிய நொதிகளின் அளவுகள் கடும் பயிற்சிக்குப் பின்பு தசையிலிருந்தே உயரக்கூடும் என்பதால், கல்லீரலின் நிலையைச் சரியாக அறிய ஜிஜிடி என்ற மற்றொரு நொதியின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் அந்த அக்காவிடம் நேரில் சொன்னேன். கோபப்படாமல் கேட்டார். “கேக்கிறவங்க இருக்காங்க தம்பி, அதனாலதான் ஆரம்பிச்சோம். ஊசி போடாதேன்னு சொன்னா அந்தப் பிள்ளைங்க சாப்பாட்டையும் நிறுத்திடுவாங்க” என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஊசி போடும் இளைஞன் நல்ல உணவு உண்பது, உண்ணாமல் இருப்பதைவிட மேல்தான். அவனுக்குச் சாப்பாடு மறுக்கப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவனுக்கும் 220 ரூபாய்ப் பெட்டியையே தரட்டும். உப்பைக் குறைத்துத் தரட்டும். 120 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, உடலுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையை மட்டும் விற்க வேண்டாம். மடிப்புத் தாளின் இடத்தில், கொழுப்பு அளவுகள், ஹெமட்டோக்ரிட், கல்லீரல், சிறுநீரகம், இரத்த அழுத்தம், இதயத்துக்கான எக்கோ ஸ்கேன் ஆகிய பரிசோதனைகளின் பெயர்களை அச்சிட்டு வைத்தால் பல வீடுகளுக்குப் பயன்படும்.

இரண்டாம் திட்டத்தில் இப்போது இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஊசியைத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உடலின் சொந்த ஹார்மோன் உற்பத்தி திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் சோர்வும் கடும் மனச்சோர்வும் வரக்கூடும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் எடுத்த மருந்துகளை மறைக்காமல் சொல்லி, அவர் மேற்பார்வையில் விடுவதே முறை. என் தம்பி அப்படி ஒரு மருத்துவரைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறான். மீல் மேக்கரும் அவன் பெட்டிக்குத் திரும்பிவிட்டது.

முதல் திட்டத்தை நான் அடுத்த மாதத்துக்கும் புதுப்பித்திருக்கிறேன். அல்சூர், காக்ஸ் டவுன், இந்திரா நகர் பகுதிகளுக்குப் பகல் பன்னிரண்டரைக்குள் பெட்டி வந்து சேர்கிறது. சிவாஜி நகருக்கு அரை மணி தாமதம் ஆகலாம். புதியவர்கள் ஒரு வாரச் சந்தாவில் தொடங்கலாம். புதன்கிழமை டோஃபுவுக்கு உப்பும் மிளகும் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் சேர்த்துத் தருகிறார்கள்.